பழைய காரில் ரிமோட் ஸ்டார்ட், அலாரம்: மலையில் வரும் கோளாறுகளும் தேடும் வழியும்

உதகை, குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய மாருதி 800, ஜென், சான்ட்ரோ, இண்டிகா வைத்திருப்பவர்களுக்கு ரிமோட் ஸ்டார்ட்டோடு சேர்ந்த அலாரம் கிட் மேல் ஆசை வருவது இயல்பு. டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் விடிகாலையில் போய்ப் பாருங்கள், முன்கண்ணாடி முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். வீட்டுக்குள் இருந்தே பட்டனை அழுத்தி, இன்ஜின் சூடாகி, ஹீட்டர் ஓடி, கண்ணாடி தெளிந்த பிறகு போய் உட்கார்ந்தால் சுகம்தான்.

ஆனால் கிட்டோடு வரும் தாள் பெரும்பாலும் தானியங்கி கியர் உள்ள புது வண்டியை மனதில் வைத்து எழுதியது. நம் வண்டிகளோ கையால் கியர் போடுபவை, பல கைகள் ஒயரிங்கைப் பிரித்து ஒட்டியவை, வருடத்தில் பாதி நாள் ஈரத்தில் நிற்பவை. அதனால் கோளாறு வந்தால் கிட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சந்தேகிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எர்த் (பாடியோடு சேரும் நெகட்டிவ் இணைப்பு), ஈரம், கியர் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் பெட்டி.

வேலைக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். பல்பு வைத்த டெஸ்ட் லாம்பைக் கார்புரேட்டர் வண்டியில் தாராளமாகப் பயன்படுத்தலாம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போகும் ஒயர்களில் அதைக் குத்தாதீர்கள். பல்பு இழுக்கும் கரண்ட்டை அந்தக் கம்ப்யூட்டர் தாங்காது.

பட்டனை அழுத்தியதும் வண்டி குதிக்கிறது

இதை மட்டும் முதலில் படியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

குதித்தால் வண்டி கியரில் நிற்கிறது. மலையில் யாரும் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி வண்டியை விட்டுவிட்டு வருவதில்லை. ஏற்றம் பார்த்து நின்றால் ஃபர்ஸ்ட், இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ், சக்கரத்துக்கு ஒரு கல். நல்ல பழக்கம். ரிமோட் ஸ்டார்ட்டுக்கு அந்தப் பழக்கமே எமன். கிளட்சை மிதித்தால்தான் செல்ஃப் சுற்றும் என்ற ஏற்பாடு பழைய வண்டிகளில் கிடையாது. கியரில் இருந்தாலும் செல்ஃப் சுற்றும், வண்டி நகரும், இன்ஜின் பிடித்துவிட்டால் ஆளில்லாமல் ஓடும். சாவி போடாததால் ஸ்டீயரிங் வேறு பூட்டியே இருக்கும். ஓடிப்போய்க் கதவைத் திறந்து ஏறினாலும் திருப்ப முடியாது.

குதித்த வண்டியில் முதல் வேலை, பெட்டியிலிருந்து செல்ஃபுக்குப் போகும் ஒயரைக் கழற்றி முனையை டேப் சுற்றி வைப்பது. அலாரமும் கதவுப் பூட்டும் வழக்கம்போல வேலை செய்யும். அப்புறம் நிதானமாகப் பெட்டியின் தாளைப் பாருங்கள். கையால் கியர் போடும் வண்டிக்கான முறை அதில் இருக்கிறதா?

அந்த முறை இப்படி வேலை செய்யும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, இன்ஜின் ஓடும்போதே ஹேண்ட் பிரேக்கை இழுக்க வேண்டும். பெட்டி இன்ஜினைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். சாவியை எடுத்தாலும் இன்ஜின் ஓடும். இறங்கிக் கதவைச் சாத்திப் பூட்டியதும் பெட்டியே இன்ஜினை நிறுத்தும். கிளட்ச் விட்ட நிலையில் இன்ஜின் ஓடியதால் கியர் நியூட்ரலில் இருந்தது என்பது உறுதி. அதன் பிறகு கதவு எதுவும் திறக்கவில்லை என்றால் யாரும் உள்ளே போய்க் கியரை மாற்றியிருக்க முடியாது என்பது பெட்டியின் கணக்கு. ஒரு கதவு திறந்தாலும் அனுமதி ரத்து, மறுநாள் காலையில் பட்டன் வேலை செய்யாது.

கணக்கு சரிதான். ஆனால் அது முழுக்க ஒரு சின்ன டோர் ஸ்விட்ச்சின் மேல் நிற்கிறது. ஷெட் இல்லாமல் நாலைந்து மழைக்காலம் பார்த்த வண்டியில் அந்த ஸ்விட்ச்சைக் கழற்றிப் பாருங்கள். ரப்பர் தொப்பி வெடித்திருக்கும். உள்ளே பித்தளைப் பின் பச்சை பிடித்து, ஸ்பிரிங்கில் துரு இறங்கி, அழுத்தினால் பாதியில் சிக்கி நிற்கும். ஸ்க்ரூ இறங்கிய இடத்தில் பாடித் தகடு பொருபொருவென்று உதிரும். அந்த ஸ்க்ரூதான் ஸ்விட்ச்சுக்கு எர்த். கதவைத் திறந்தாலும் உள்விளக்கு எரியாத வண்டி என்றால் பெட்டிக்கும் கதவு திறந்தது தெரியாது. பையன் கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்து கியரைத் தட்டி விளையாடிவிட்டுப் போயிருப்பான், பெட்டி இன்னும் 'யாரும் வரவில்லை' என்று நம்பிக்கொண்டிருக்கும்.

அதனால் எல்லாக் கதவுக்கும் புது ஸ்விட்ச் போடுங்கள். விலை பெரிதில்லை. மாருதி 800 மாதிரி வண்டிகளில் சில மாடல்களில் முன்கதவுக்கு மட்டும் ஸ்விட்ச் இருக்கும், பின்கதவுக்கு இருக்காது. அங்கே புதிதாக ஓட்டை போட்டுப் பொருத்த வேண்டும். பொருத்தியபின் சோதனை: ஒவ்வொரு கதவுக்கும் பெட்டியை மறுபடி ரிமோட் ஸ்டார்ட்டுக்குத் தயார் நிலையில் வைத்து, அந்த ஒரு கதவை மட்டும் திறந்து மூடி, பட்டனை அழுத்திப் பாருங்கள். ஒரு கதவுக்குப் பிறகு ஸ்டார்ட் ஆனாலும் வேலை முடியவில்லை. இந்தச் சோதனை நடக்கும்போது வண்டி சமதளத்தில், நியூட்ரலில், சக்கரத்துக்குக் கல்லோடு நிற்கட்டும்.

ஹேண்ட் பிரேக் ஒயரிலும் ஒரு பொறி உண்டு. டேஷ்போர்டில் எரியும் சிவப்பு பிரேக் விளக்கின் ஒயரில் இதை எடுத்துவிடுவது எலக்ட்ரீஷியன்களுக்குச் சுலபம். பல வண்டிகளில் அதே விளக்குதான் பிரேக் ஆயில் குறைந்தாலும் எரியும். ஆயில் குறைந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் இழுக்காவிட்டாலும் இழுத்ததாகவே பெட்டி எடுத்துக்கொள்ளும். பிரேக்கும் சரியில்லை, பாதுகாப்பும் போயிற்று. ஹேண்ட் பிரேக் லிவரின் அடியில் உள்ள ஸ்விட்ச்சிலேயே நேராக எடுத்து, விளக்கின் பக்கத்திலிருந்து ஒரு டையோடு (கரண்ட்டை ஒரே திசையில் விடுவது) வைத்துப் பிரித்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தபிறகும் என் கருத்து இதுதான்: வண்டி இரவில் சரிவில் நிற்கும் வீடு என்றால் ரிமோட் ஸ்டார்ட் வேண்டாம். நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் கேபிளை மட்டும் நம்பி, சரிவில் ஒரு பழைய வண்டியை விடச் சொல்லும் எந்த வசதியும் நமக்கு ஒத்துவராது. சமமான முற்றமோ ஷெட்டோ இருந்தால் போடலாம், கல் அப்போதும் வேண்டும். தெருவோரம் நிறுத்துபவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 126-இன்படி பொது இடத்தில் நிற்கும் வண்டியில் உரிமம் உள்ள ஆள் ஓட்டுநர் இருக்கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இன்ஜினை நிறுத்தி, வண்டி தானாக நகராதபடி பிரேக் போட்டிருக்க வேண்டும். ஆளில்லாமல் சாலையில் இன்ஜினை ஓடவிடுவது அதற்குப் பொருந்தாது. ஷெட்டில் நிறுத்துபவர்கள் ஷெட்டின் கதவு திறந்திருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. வீட்டுக்கு அடியிலேயே ஷெட் கட்டிய சரிவு வீடுகளில் அது மேலே படுக்கையறைக்கே ஏறும்.

பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

இண்டிகேட்டர் ஒருமுறை மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் ரிமோட் பேசுகிறது, பெட்டி கேட்கிறது, ஏதோ ஒரு பாதுகாப்பு தடுக்கிறது என்று அர்த்தம். பானட் ஸ்விட்ச், ஹேண்ட் பிரேக், கதவு, பிரேக் பெடல் ஒயர் இந்த நாலையும் பாருங்கள். பானட் ஸ்விட்ச் முன்கிரில் வழியாக வரும் மழைத்தண்ணீரில் நனைந்து ஷார்ட் ஆவது அடிக்கடி நடக்கும். பானட் திறந்திருக்கிறது என்று நினைத்துப் பெட்டி மறுத்துவிடும்.

இண்டிகேட்டரும் மின்னவில்லை என்றால் ஃபியூஸ், அப்புறம் எர்த். பேட்டரியிலிருந்து வரும் பிரதான ஒயரின் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். டேஷ்போர்டுக்குள் பெட்டியின் அருகில் வைத்திருந்தால் நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆனால் காப்பாற்ற ஆளில்லை.

எர்த் விஷயத்தில் இந்த உரையாடலைக் கேட்காத வண்டிக்காரர் இருக்க மாட்டார்.

"அண்ணே, எர்த் எங்கே எடுத்தீங்க?"

"டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு போல்ட் இருந்துச்சு தம்பி, அதுலயே போட்டுட்டேன். அதெல்லாம் பக்காவா இருக்கும்."

அந்த போல்ட் பெயின்ட் மேல் உட்கார்ந்திருக்கும், அல்லது பிளாஸ்டிக்கைத் தாங்கும் கிளாம்பில் இருக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பெட்டியின் எர்த் போல்ட்டிலும் மற்றதைப் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலும் வைத்து, செல்ஃபை ஒருமுறை சுற்றச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பாடித் தகட்டில் பெயின்ட்டை வெள்ளி மாதிரி பளபளக்கும்வரை சுரண்டி, பல்லுள்ள வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவிவிடுங்கள். இந்த ஒரே வேலையில் பாதிக் கோளாறுகள் காணாமல் போகும். பேட்டரியிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து இன்ஜினுக்கும் போகும் பழைய எர்த் பட்டையையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

செல்ஃப் 'டிக்' என்று மட்டும் சொல்கிறது, அல்லது சோம்பிச் சுற்றுகிறது

இரவெல்லாம் நின்ற வண்டியில், எதையும் போடாமல் பேட்டரியை அளந்தால் 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு. 12.2 என்றால் பாதி. செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் அந்தப் பேட்டரியை நம்பி ரிமோட் ஸ்டார்ட் வேண்டாம். குளிரில் பேட்டரி கொடுக்கும் கரண்ட் குறையும், அதே நேரம் ஆயில் கெட்டியாகி இன்ஜின் சுற்றுவதும் கடினமாகும். மேட்டுப்பாளையத்தில் நன்றாகச் சுற்றிய வண்டி உதகையில் காலையில் மறுப்பதற்கு இந்த இரண்டும் சேர்ந்ததே காரணம்.

பேட்டரி நன்றாக இருந்து, சாவி போட்டால் சுற்றி, ரிமோட்டில் மட்டும் சுற்றவில்லை என்றால் ஒயர் மெலிந்தது. பிரதான சப்ளைக்கும் செல்ஃப் ஒயருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போடுங்கள். பழைய ஒயரை முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு மலை ஈரத்தில் ஒரு வருடம் தாங்காது. சால்டர் வைத்து, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும்.

செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

சோக் குமிழை இழுத்து ஸ்டார்ட் செய்யும் கார்புரேட்டர் வண்டி என்றால் இது கோளாறே இல்லை. ரிமோட்டுக்குக் கை கிடையாது, சோக்கை அது இழுக்காது. இரவு வண்டியை விடும்போதே சோக்கை இழுத்து வைத்துவிட்டு வருபவர்கள் உண்டு. பிடித்தபின் சோக்கை உள்ளே தள்ள ஆள் வேண்டும், இல்லையென்றால் பெட்ரோல் அளவுக்கு மீறி இறங்கி பிளக் கரி பிடித்துவிடும். மலையில் இது இன்னும் மோசம். உதகை கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. கோயம்புத்தூரில் டியூன் செய்த கார்புரேட்டர் அங்கே ஏற்கெனவே பெட்ரோலை அதிகம் விட்டுக்கொண்டிருக்கும். மேலே உள்ள மெக்கானிக்கிடம் டியூன் செய்துகொள்ளுங்கள். அப்படியும் சோக் இல்லாமல் பிடிக்காத வண்டிக்கு ரிமோட் ஸ்டார்ட்டை மறந்துவிடலாம்.

டீசல் வண்டியில் ஹீட்டர் பிளக் சூடாக நேரம் வேண்டும். சாவியில் நாம் சுருள் விளக்கு அணையும்வரை காத்திருக்கிறோம், பெட்டி காத்திருக்காது. டீசலுக்கான தாமத அமைப்பு அதில் இருக்கும், அதை இயக்கிவிடுங்கள். இயக்கியும் சுருள் விளக்கே எரியவில்லை என்றால் ஹீட்டர் பிளக் ரிலேக்கு (சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டை இயக்கும் ஸ்விட்ச்) போகும் இக்னிஷன் ஒயர் விடுபட்டிருக்கிறது.

பிடித்த ஓரிரு நொடியில் அணைகிறது

சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் சிப் இருக்கும் வண்டிகளில் இம்மொபிலைசர் (சிப் பக்கத்தில் இல்லையென்றால் இன்ஜினை ஓடவிடாத பாதுகாப்பு) இப்படித்தான் வெட்டும். சாவித் துளையைச் சுற்றியுள்ள வளையத்துக்குப் பக்கத்தில் சாவியைப் பிடித்துக்கொண்டு ரிமோட்டில் ஸ்டார்ட் செய்து பாருங்கள். அப்போது நிற்காமல் ஓடினால் காரணம் அதுதான். அதற்கென்று தனி பைபாஸ் பெட்டி உண்டு. ஸ்பேர் சாவியையே டேஷ்போர்டுக்குள் கட்டி வைத்துவிடும் குறுக்குவழியும் உண்டு. அப்படிச் செய்தால் வண்டியின் சொந்தத் திருட்டுப் பாதுகாப்பை நாமே கழற்றி வைத்த மாதிரி.

சிப் இல்லாத பழைய வண்டி என்றால் இக்னிஷன் ஒயர்கள்தான். சாவித் துளைக்குப் பின்னால் இரண்டு இக்னிஷன் ஒயர் உள்ள வண்டியில் ஒன்றை மட்டும் எடுத்திருப்பார்கள். நிறத்தை நம்பாதீர்கள், இருபது வருட வண்டியில் யார் எந்த ஒயரை மாற்றினார்களோ. மீட்டரை வைத்துச் சாவியைத் திருப்பிப் பார்ப்பதே வழி. ஆன் நிலையிலும், செல்ஃப் சுற்றும்போதும் 12 வோல்ட் நிற்பது இக்னிஷன். ஆன் நிலையில் வந்து, செல்ஃப் சுற்றும்போது போய்விடுவது ஆக்சஸரி. செல்ஃப் நிலையில் மட்டும் வருவது ஸ்டார்ட் ஒயர். டீசல் பம்பில் எரிபொருளை நிறுத்தும் சோலினாய்டுக்கு இரண்டாவது இக்னிஷன் ஒயர் போகும் வண்டியாக இருந்தால் அது விடுபட்டவுடன் இன்ஜின் மூச்சு நின்றுவிடும். ஹீட்டர் ஃபேன் ஓடாமல் இன்ஜின் மட்டும் ஓடுவதும் இதே குடும்பம்தான், ஃபேனுக்கான ஒயரைத் தேடி எடுத்தால் தீரும்.

இன்ஜின் பிடித்தபிறகும் செல்ஃப் விடாமல் கத்துகிறது, அல்லது பிடிக்கும் முன்பே விட்டுவிடுகிறது

இன்ஜின் ஓடுகிறது என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? விலை குறைந்த கிட்டில் வோல்ட்டேஜ் ஏறுவதை வைத்து ஊகிக்கிறது. குளிரில் தளர்ந்த பேட்டரி இந்த ஊகத்தை ஏமாற்றும். செல்ஃபை விட்டதும் வோல்ட்டேஜ் தானாகவே மேலே வரும், பெட்டி 'பிடித்துவிட்டது' என்று முடிவுசெய்து இக்னிஷனை ஆனிலேயே வைத்துக் காத்திருக்கும். காயிலின் கரண்ட்டை விட்டுவிட்டு வெட்டும் பாயிண்ட் உள்ள அம்பாசிடர், பத்மினி மாதிரி வண்டிகளில் இன்ஜின் ஓடாமல் இக்னிஷன் நெடுநேரம் ஆனில் இருந்தால் காயில் சூடேறிக் கெட்டுவிடும்.

தீர்வு, இன்ஜின் சுற்றும் வேகத்தைப் பெட்டிக்குச் சொல்லும் டேகோ ஒயரைக் கொடுப்பது. பெட்ரோல் வண்டியில் காயிலின் நெகட்டிவ் முனையில் எடுக்கலாம். டீசலில் டைனமோவின் 'டபிள்யூ' முனை இருந்தால் அங்கே. கொடுத்தபிறகு சாவியில் ஸ்டார்ட் செய்து, பெட்டிக்கு ஐடிலிங் வேகத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடேறி, ஐடிலிங் தணிந்தபிறகு கற்றுக்கொடுங்கள்.

ஓடிக்கொண்டிருந்த வண்டி, கிளம்பும்போது அணைகிறது

ஏறி உட்கார்ந்து, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, அதன் பிறகு பிரேக்கை மிதிக்க வேண்டும். பிரேக் விழுந்ததும் பெட்டி விலகிக்கொள்ளும், அந்த நேரத்தில் சாவி ஆனில் இல்லை என்றால் இன்ஜினும் போய்விடும். பழக்கதோஷத்தில் சாவியை ஸ்டார்ட் வரை திருப்பினால் ஓடும் இன்ஜினில் செல்ஃப் பல் உரசும் சத்தம் கேட்கும். வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் இதை ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள்.

காரணமே இல்லாமல் சைரன் அடிக்கிறது

அண்டை வீட்டாரோடு சண்டை வருவது இந்தக் கோளாறால்தான். குன்னூர்ப் பக்கம் பகலில் குரங்கு, இரவில் காட்டெருமை. குரங்கு பானட்டில் குதிப்பதற்கும் காட்டெருமை பம்பரில் முதுகைத் தேய்ப்பதற்கும் அலாரம் அடித்தால் அது கோளாறில்லை. காட்டெருமைக்காக அடித்தால் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடாதீர்கள், ஜன்னலில் நின்று ரிமோட்டில் அணைத்தால் போதும்.

மற்றபடி எந்த ஸ்விட்ச் காரணம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பல பெட்டிகளில் அடுத்தமுறை அணைக்கும்போது டேஷ்போர்டு லைட் எத்தனை தடவை மின்னுகிறது என்பதை வைத்தே இடத்தைச் சொல்லும், தாளில் பட்டியல் இருக்கும். இல்லாத பெட்டியில் அதிர்ச்சி சென்சாரின் கப்ளரை முதலில் கழற்றி ஓர் இரவு விடுங்கள். அமைதியாக இருந்தால் சென்சார்தான். அதன் திருகைத் திருப்பி உணர்வைக் குறைத்து, டேஷ்போர்டின் இரும்புக் கம்பியில் இறுக்கமாகக் கட்டுங்கள். தொங்கிக்கொண்டிருந்தால் பேருந்து போனாலே தானாக ஆடி அடித்துவிடும். கழற்றியும் அடித்தால் கதவு, பானட், டிக்கி ஸ்விட்ச்கள். மழை பெய்த இரவில் மட்டும் அடிக்கிறது என்றால் தேடவே வேண்டாம், பானட் ஸ்விட்ச்தான். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் இது தலைகாட்டும், ஜனவரியில் தானே சரியானதுபோல் நடிக்கும். அடுத்த அக்டோபர்வரை விட்டுவைக்காமல் அப்போதே மாற்றிவிடுங்கள்.

சைரனின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். மேல்நோக்கி வைத்தால் தண்ணீர் தேங்கி, சில மாதத்தில் முனகல் மட்டும்தான் கேட்கும்.

நாலு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது

பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். கதவெல்லாம் சாத்தி, அலாரத்தைப் போட்டு, சிறிது நேரம் காத்திருந்து பாருங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது யாரும் செல்ஃபைத் தொடக்கூடாது, மீட்டர் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. 200 காட்டினால் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஏழு நாளில் முழுக்கக் காலி. குளிரில் செல்ஃப் சுற்ற மறுப்பதற்கு அதில் பாதி நாள் போதும், அதாவது உங்களுடைய அந்த நாலு நாள்.

ஃபியூஸை ஒவ்வொன்றாக எடுத்து, எதை எடுத்தால் எண் இறங்குகிறது என்று பாருங்கள். அலாரம் ஃபியூஸில் இறங்கினால், சுருள் எப்போதும் ஆனிலேயே இருக்கும்படி ரிலே போட்டிருக்கிறார்களா என்று தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு ரிலே சுருள் மட்டுமே 150 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுக்கும்.

சாவி போட்டாலும் செல்ஃப் சுற்றவில்லை

திருட்டுத் தடுப்பு ரிலேயின் வேலை இது. சாவியிலிருந்து செல்ஃபுக்குப் போகும் ஒயரை வெட்டி, ரிலேயின் 30, 87ஏ முனைகளில் சேர்த்திருப்பார்கள். ரிலே ஓய்வில் இருக்கும்போது 30-க்கும் 87ஏ-க்கும் தொடர்பு இருக்க வேண்டும். 87ஏ-க்குப் பதில் 87-இல் மாட்டியிருந்தால் அலாரம் கெட்ட அன்று வண்டியும் கெட்டது. காட்டுப்பாதையில் மாட்டிக்கொண்டால் ரிலேயை சாக்கெட்டிலிருந்து பிடுங்கி, 30, 87ஏ துளைகளை ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டால் கிளம்பலாம். அந்தத் துண்டு ஒயர் எப்போதும் டேஷ்போர்டு பெட்டியில் கிடக்கட்டும்.

வெட்டு எங்கே என்பதையும் பாருங்கள். செல்ஃப் ஒயரில் மட்டும்தான் வெட்டு இருக்க வேண்டும். இக்னிஷன் ஒயரிலோ பெட்ரோல் பம்ப் ஒயரிலோ வெட்டு வைத்து, ஓடும் வண்டியை ரிமோட்டில் நிறுத்தும் வசதி என்று சில கிட்களில் விற்கிறார்கள். அந்த ரிலே கல்லட்டி இறக்கத்தின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் தானாக விழுந்தால் என்ன ஆகும்? இன்ஜின் போகும். கிளட்சை மிதித்துவிட்டால் இரண்டு மூன்று மிதிக்கு மேல் பிரேக்கில் பூஸ்டர் உதவி இருக்காது, பெடல் கல்லாகிவிடும். அந்த வசதியின் ஒயரை மாட்டவே மாட்டாதீர்கள்.

சில்லறைக் கோளாறுகள்

இடது இண்டிகேட்டர் போட்டால் இரண்டு பக்கமும் மின்னுகிறதா? பெட்டியின் ஒரே ஒயரை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துவிட்டார்கள். பக்கத்துக்கு ஒன்றாக 6 ஆம்பியர் டையோடு வைத்துப் பிரியுங்கள். ஒரு பக்கத்தில் 21 வாட் பல்பு இரண்டும் சின்ன பல்பு ஒன்றும் சேர்ந்தால் 4 ஆம்பியர் வரும், சின்ன டையோடு தாங்காது.

ஒரு கதவு மட்டும் பூட்டவில்லை என்றால் அந்தக் கதவுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாய்க்குள் ஒயர் முறிந்திருக்கும். குளிர்காலையில் மட்டும் பூட்ட மறுத்து, வெயில் ஏறியதும் சரியானால் ஒயரில் தவறில்லை. பூட்டுக்குள் பழைய கிரீஸ் கெட்டியாகியிருக்கிறது, கழுவி மெல்லிய எண்ணெய் விடுங்கள்.

ரிமோட் பக்கத்தில் போனால்தான் வேலை செய்கிறது என்றால் முதலில் செல்லை மாற்றுங்கள், குளிரில் சின்ன செல் சீக்கிரம் சோரும். அப்புறம் பெட்டியின் ஆன்டெனா ஒயர் எங்கே என்று பாருங்கள். வேலை முடித்த அவசரத்தில் அதைச் சுருட்டி மற்ற ஒயர்களோடு டேப் சுற்றியிருப்பார்கள். பிரித்து, நீட்டி, முன்கண்ணாடியின் ஓரமாக, இரும்பைத் தொடாமல் மேலே கொண்டுபோங்கள். கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள ஃபிலிம் ஒட்டியிருந்தால் அந்த இடத்தைத் தவிருங்கள். புது ரிமோட் வாங்கிப் பதிவதாக இருந்தால் பழையதையும் கையில் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே தடவையில் பதியுங்கள். பல பெட்டிகளில் பதிவு தொடங்கியதும் முன்பிருந்த ரிமோட்கள் எல்லாம் அழிந்துவிடும்.